சங்கத்துச் சுவரில் ஒரு மடவை மீன்

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுசு புதுசாக ஃபேக்டரி முளைத்தபோது, கேட்டில் போர்டு எழுத பெயிண்டர் செங்கல்வராயனைத்தான் கூப்பிடுவார்கள். மனுஷன் வந்ததும் பிரஷை எடுப்பாரா? ம்ஹூம். "உள்ள இன்னா செய்றீங்கோ, அத்த மொதல்ல காட்டுங்க" என்பார். போல்ட் கம்பெனி என்றால் போல்ட் சூடாக வந்து விழுவதை அவர் நின்று பார்த்தாக வேண்டும். மேனேஜர்களுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். என்ன செய்வது, இந்தப் பிடிவாதம் அவருக்குச் சும்மா வரவில்லை. ஒரு குப்பமே கூடி நின்று சிரித்ததில் வந்தது.

அவருக்குச் சொந்த ஊர் பொன்னேரிக்குப் பக்கத்தில், நெல் விளைகிற ஊர். அப்பா ராஜமாணிக்கத்துக்கு மூணு ஏக்கர் நிலமும் ஒரு ஜோடி மாடும்தான் உலகம். பத்து வயசில் ஒரு மாட்டுப் பொங்கலுக்கு, "கொம்புக்குச் சிவப்பு அடிடா" என்று டப்பாவைக் கொடுத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், பையன் எங்கெங்கோ கெஞ்சி நீலமும் பச்சையும் வாங்கி வந்து கொம்பு முழுக்க மயிலிறகு போட்டு வைத்திருக்கிறான்! "மாடாடா இது, கூத்துக்காரனாடா?" என்று முதுகில் நாலு வைத்தார். அடி வலித்ததுதான். ஆனால் தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று கொம்பைப் பார்த்துவிட்டுப் போனார்களே, அந்த ருசி அவனை விடவில்லை.

இருபத்தாறு வயசில், அறுபத்தேழாம் வருஷம், பொன்னேரி கடைத்தெருவில் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து முத்து முத்தாக வரும். வேலைதான் வராது. அப்பா கடைசியாக ஒரு கெடு வைத்தார். "ஆனி முடியறதுக்குள்ள இதுல பொழைப்பேன்னு காட்டு. இல்லன்னா வண்டியோட வருவேன். டப்பாவெல்லாம் ஏத்திகினு வந்து ஏரைப் புடி."

அந்த ஆனியில்தான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ஆள் வந்தது. மீனவர் சங்கத்துக்குப் புதுக் கட்டடம். முன்சுவரில் பேரும், பெரிசாக ஒரு மடவை மீனும் வேண்டும். நன்றாக வந்தால் படகுகளுக்கெல்லாம் நம்பர் எழுதும் வேலையும் அவருக்கே என்றார் தலைவர் அப்பாவு. செங்கல்வராயனுக்குத் தலைகால் புரியவில்லை.

பொன்னேரி மார்க்கெட்டில் நல்ல மடவையாகப் பார்த்து வாங்கி, தகரத்தில் கிடத்தி, பார்த்துப் பார்த்துச் சுவரில் தீட்டினார். செதில் ஒன்றுகூட விடவில்லை. மூன்று நாள் வேலை. தள்ளி நின்று பார்த்து அவரே சொக்கிப்போனார்.

கூடையோடு வந்த கன்னியம்மா, மீன் விற்கிறவள், சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "ஐயோ சாமி! இன்னா பெயிண்டரே, செத்த மீனைத் தூக்கி மாட்டிக்கிற? கண்ணு வெளுத்துப்போய் கீது, வாயி பொளந்துகினு கீது! இத்த எவன் வாங்குவான்?"

வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். "நேத்து மீனுடா!" என்றான் ஒருத்தன். "நேத்தாவது? மொந்தாநேத்து!" என்றான் இன்னொருத்தன். சிரிப்பு அடங்கவே இல்லை. செங்கல்வராயனுக்கு மானமே போய்விட்டது. நெல்லுக்குப் பிறந்தவர்; உயிரோடு மீனை எங்கே பார்த்தார்?

அப்பாவு மட்டும் சிரிக்கவில்லை. "தொறப்பு விழாவுக்கு நாலு நாள்தான் கீது. சரியா வரலன்னா சுண்ணாம்பு அடிச்சிட்டு எழுத்து மட்டும் போடு. படகு வேலைய அப்பால பாக்கலாம்" என்றார்.

அப்பால என்றால் இல்லை என்று அர்த்தம். ராஜமாணிக்கத்தின் வண்டிச் சத்தம் அவருக்குக் காதிலேயே கேட்டது. கன்னியம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. "எங்கூட்டுக்காரரு காலைல ஏரிக்குப் போவாரு. கூடப் போய்ப் பாரு" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் புருஷன் குப்பன் கோல் ஊன்றிப் படகைத் தள்ள, பெயிண்டர் நடுவில் பயந்து உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. சளக்கென்று ஒரு மடவை தண்ணீரை விட்டு எம்பியது. முதுகு பாசி நிறம், விலா பளபளவென்று வெள்ளி, கண் சுத்தக் கறுப்பு, துடுப்பெல்லாம் விரிந்து உடம்பே வில்லாக நின்றது. அடுத்த கணம் காணோம். "யப்பா!" என்று கத்திவிட்டார். "உக்காருபா, கவுத்துடப் போற!" என்று குப்பன் அதட்டினார். அடுத்த மீனுக்காகப் பெயிண்டர் வெயில் உச்சிக்கு வரும்வரை காத்திருந்தார். பசியே தெரியவில்லை.

சுவரைச் சுரண்டிவிட்டு, மாதிரி எதுவும் வைக்காமல், ஞாபகத்திலிருந்தே போட்டார். இந்தத் தடவை செதிலை எண்ணவில்லை.

ஆனிக் கடைசியில் நடந்த திறப்பு விழாவன்று ராஜமாணிக்கம் சொன்னபடியே வண்டியோடு வந்துவிட்டார். கன்னியம்மா சுவரை மேலும் கீழும் பார்த்தாள். "இது இப்பதான் துள்ளுது" என்றாள். அவ்வளவுதான், "மொதல்ல என் படகுக்கு எழுது" என்று குப்பன் பெயிண்டர் கையைப் பிடிக்க, அப்பாவு பதினெட்டுப் படகு இருக்கிறதென்று கணக்குச் சொன்னார்.

ராஜமாணிக்கம் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலி வண்டியில் ஏறினார்.

"நைனா, ஏர்?" என்று கேட்டார் செங்கல்வராயன்.

"நான் பாத்துக்கறேன். பொங்கலுக்கு மட்டும் வந்துடு." மாட்டைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கொம்புக்கு அந்த மயிலிறகு போடணும்."