மூலையில் சிக்கிய பாடை

பெரியப்பாவின் பாடை சந்து முனையில் திரும்ப முடியாமல் நின்றபோதுதான், இந்த மூலையை வெட்டியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்களுக்கு அரசு மனைப் பட்டா கொடுத்து அளந்தபோது, சிவில் டிப்ளமோ படிக்கும் நானும் டேப் பிடித்தேன். கடைசி மனைகளுக்குப் போகும் சந்து சட்டென்று மடங்குவது யாருக்கும் உறைக்கவில்லை.

அன்று பாடையைச் சாய்த்துத் திருப்பப் பார்த்தார்கள். கட்டு தளர்ந்து உடல் சரிந்தது. அண்ணன் பாய்ந்து தாங்கிக்கொண்டான்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிறீங்க? என் கடக்கால் மேல ஏறிப் போங்க!" என்று கத்தினார் மூலை மனைக்காரரான கஸ்தூரி அக்கா. புது வீட்டுக்காக அவர் அப்போதுதான் போட்டிருந்த அஸ்திவாரம் அது. பிணம் தாண்டிய இடத்தில் வீடு கட்ட யாராக இருந்தாலும் யோசிப்பார்கள்.

காரியம் முடிந்ததும், அக்காவின் மனை மூலையில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று சுண்ணாம்புத் தூளால் சாய்வாகக் கோடு போட்டு அவரிடம் காட்டினேன்.

"பொணத்துக்கே வழி வுட்டேன், உசுரோட போறவங்களுக்கு வுடமாட்டனா? ஆனா கம்மியாவற எடத்த பின்னாடி பொறம்போக்குல குடுக்கச் சொல்லு. எனுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது" என்றார் அக்கா.

இப்போதெல்லாம் எந்த மனை வரைபடத்தைப் பார்த்தாலும், பாடை தூக்கிய நாலு பேர் அந்த முனையில் திரும்ப முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன். திருத்திய வரைபடத்தோடு திங்கட்கிழமை அக்காவும் நானும் தாலுகா ஆபீசுக்குப் போகிறோம். அவருக்கு மாற்று இடம் எழுதிக் கொடுத்த பிறகுதான் எல்லைக் கல்லில் கை வைப்போம்.