வரைந்த பக்கமாகவே வெட்டிய மரம்

காலையில் கழுகுமலை ரோட்டை விட்டு இறங்கி, கரிசல் பொட்டலில் வேனை நிறுத்தினேன். படுக்கை, அடுப்பு, பெயின்ட் எல்லாம் வேனுக்குள்ளேயே இருக்கும். வழியில் இரண்டு பேர் ஐஸ் வண்டி என்று நினைத்து, கை காட்டி நிறுத்தி ஐஸ் கேட்டார்கள். அது தனிக் கதை.

அலைந்து திரிந்து, வரைய ஒரு சீமைக்கருவேல மரம் கிடைத்தது. ஊரே திட்டுகிற மரம்தான். ஆனால் குடை மாதிரி அழகாக விரிந்திருந்தது.

பாதி வரைவதற்குள் அரிவாளோடு ஒரு அக்கா வந்தார். மரங்களை ஏலம் எடுத்து வெட்டி, அடுக்கி, மண்ணால் மூடி எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டம் போடுகிறவர்.

"அண்ணாச்சி, தள்ளிக்கோங்க. வெட்டணும்."

"மத்தியானம் வரைக்கும் விடுங்கக்கா. படம் பாதியில நிக்கி."

"மூட்டத்த இன்னைக்கு மூடியாவணும். ஆளுக சும்மா உக்காந்திருக்காவ."

படத்தை எட்டிப் பார்த்தார். "எந்தப் பக்கம் வரைஞ்சு முடிச்சிய?"

"இடது பக்கம்."

"அப்போ அது இனி ஒங்களுக்கு எதுக்கு?" என்று அந்தப் பக்கத்துக் கொப்பை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் ஒரு கொப்பை வரைய, அவர் அதை வெட்ட, இப்படியே ஓடியது.

"ஆச்சா அண்ணாச்சி?"

"இருங்கக்கா."

"எலையெல்லாமா எண்ணுதிய?"

கட்சிக்காரர்களுக்குச் சுவர் எழுதிய காலத்தில்கூட என்னை யாரும் இப்படி விரட்டியதில்லை.

எப்படியோ மரத்தை முடித்தேன். நிழலைக் கடைசியில் போடுவதுதான் என் வழக்கம். பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு நிமிர்ந்தால், தரையில் வெயில் மட்டும் கிடக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். "நெழலத்தான மொதல்ல வரைஞ்சிருக்கணும்" என்கிறார்.

நிழல் இல்லாத படத்தை இந்தப் பதிவுக்குக் கீழே போட்டிருக்கிறேன். உங்கள் பக்கம் கருவேல மரம் நின்றால், பதினொரு மணி வாக்கில் நிழல் எப்படி விழுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். வெட்ட ஆள் வருவதற்குள்.