ஓசை எழாத கால்கள்

மாத்தளை நகரத்துப் பாடசாலை ஒன்றில் நான் பிரதி அதிபராக இருந்த கடைசி வருடம் அது. மாகாணப் போட்டியின் குழு நடனத்துக்காக எட்டு மாணவிகள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் றத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி காலைத் தட்டினால் மட்டும் தரையில் ஓசை எழாது.

"பூன நடக்குதுடி" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளுக்கு அக்கறையில்லை என்று நான் முடிவு செய்தேன். நடன ஆசிரியை வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், அவளை நீக்கி வேறொருத்தியைச் சேர்க்கச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து பஸ் நிலையத்தில் அவளுடைய அம்மாவைக் கண்டேன். "தோட்டத்து லயத்துல வீடெல்லாம் ஒட்டி ஒட்டித்தான் இருக்கு. பக்கத்து வீட்டுக் காம்பராவுல பச்சப்புள்ள இருக்குங்க சேர். முழிச்சிரும்னு மெதுவாவே ஆடிப் பழகிட்டா" என்றார்.

மறுநாள் மண்டபத்துக்குப் போனேன். நான் நீக்கிய பிள்ளை, தன் இடத்துக்கு வந்தவளின் காலில் சலங்கை கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ திரும்பவும் ஆடு மகள்" என்றேன்.

"இவளுக்கு இப்பதான் சேர் அடவு சரியா வருது. பாவம், விடுங்க" என்றாள், முடிச்சை இறுக்கியபடியே.

இருவரையும் ஆடவைக்க முடியுமா என்று ஆசிரியையிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்டால் என் தவறையும் சொல்ல வேண்டிவரும். அவள் மறுத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதே உண்மை. பதினைந்து வயதுப் பிள்ளையின் நல்ல மனதுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.