தோப்பில் உடைந்த காய்கள்

தொண்ணூறுகளின் நடுவில் சூலூரில் எங்களுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருந்தது. பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. ஆனால் என் கணவரின் மனமெல்லாம் தேங்காய் உரிக்கும் இயந்திரத்தில் இருந்தது. அவருடைய அப்பா தோப்பு தோப்பாகப் போய்க் காய் உரித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். வயதான காலத்தில் அவரால் சோற்றைப் பிசையக்கூட விரல்களை மடக்க முடியவில்லை.

சிறு பட்டறைக்காரர்கள் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க அரசு ஆராய்ச்சி உதவி தருகிறது என்று கேள்விப்பட்டு என் கணவர் விண்ணப்பித்தார். சென்னைக்குப் போய் நிபுணர்கள் முன்னால் படம் போட்டு விளக்கிவிட்டு வந்தார். உதவி கிடைத்தது. இரும்புச் சட்டம் எழும்பி, பல் வைத்த இரண்டு உருளைகளும் வார்ப்படமாகி வந்த சமயத்தில், ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த சில வாரங்களில் அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். செலவழிக்காத பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது வாரிசாக நானே தொடரலாம் என்றார். பதில் சொல்ல நேரம் கேட்டேன்.

என் கொழுந்தனார் அன்றைக்கே வந்தார். "விட்டுப்போடுங்க அண்ணி. பட்டறைய வாடகைக்கு உடலாம். உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலையெல்லாம்?" அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் எடைக்குப் போடுவதைத் தவிர அந்த இரும்புச் சட்டத்துக்கு வேறு வழி இருக்காது என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை. தொடர்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். ஆனால் சாப்பிடும்போதெல்லாம் என் கணவர் அதைப் பற்றியே பேசியதால் இயந்திரம் எனக்குப் புதிதல்ல. இரண்டு உருளைகளும் எதிரெதிராக உள்நோக்கிச் சுற்றும். காயை நடுவில் வைத்தால் பற்கள் மட்டையைக் கவ்விக் கிழித்துவிடும். அவரோடு தொடக்கத்திலிருந்தே இருந்த ஃபிட்டர், "நீங்க கூட நின்னாப் போதுமுங்க அம்மணி, முடிச்சுப்போடலாம்" என்றார். முடித்தோம். சந்தையில் வாங்கி வந்த காய்களைப் போட்டுப் பார்த்தபோது மட்டை தனியாகவும் காய் தனியாகவும் வந்து விழுந்தன. ஃபிட்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க நிபுணர் குழு வருவதற்கு முன்னால் ஒரு தோப்பில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று காங்கேயத்துக்கு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். தோப்புக்காரர் எங்களுக்கு ஷாஃப்ட் வேலை கொடுக்கிறவர். மரத்திலிருந்து இறக்கிய காய்கள் குவிந்து கிடந்தன. முதல் காய்கள் நன்றாகவே வந்தன. பிறகு ஒரு சின்னக் காய் உருளைகளுக்கு நடுவே வழுக்கி உள்ளே போய் ஓட்டோடு நொறுங்கியது. அடுத்து வந்த பெரிய காய் சிக்கி, மோட்டார் முனகி நின்றது. மண்ணெல்லாம் தேங்காய்த் தண்ணீர்.

தோப்புக்காரர் கோபப்படவில்லை. "ஒரே சைசுல காய்க்கோணும்னு எங்க தோப்பு மரத்துக்கு ஆருங்க போயிச் சொல்றது?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஸ்பிரிங் வைத்துப் பார்த்தோம், பற்களைத் தேய்த்துப் பார்த்தோம். பத்தில் இரண்டு மூன்று உடைந்துகொண்டேதான் இருந்தன. அதற்குள் குழு வரும் நாள் வந்துவிட்டது.

அன்று காலை கொழுந்தனார் இரண்டு மூட்டைகளை இறக்கினார். ஒன்றில் ஒரே அளவாகப் பொறுக்கிய காய்கள், மற்றொன்றில் கழித்தவை. "இதுல இருக்கறத மட்டும் போடுங்க அண்ணி. அண்ணன் பேராவது நிக்குமுங்க" என்று சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். பொறுக்கிய காய்கள் வரிசையாக உரிந்து விழ, அவர்கள் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அவர்களில் மூத்தவர், ஒரு பேராசிரியர், "உங்க வீட்டுக்காரர் இதைப் பார்க்காமப் போயிட்டாரேம்மா" என்றார். அந்த வார்த்தையில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஃபிட்டரைப் பார்த்து, "அந்த மூட்டையையும் எடுத்துட்டு வாங்க" என்றேன். அவர் கொழுந்தனாரைப் பார்த்தார். பிறகு எடுத்து வந்தார்.

ஒவ்வொன்றாக உடைந்தன. நானே சுவிட்சை அணைத்தேன்.

பேராசிரியர் ஒரு உடைந்த ஓட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதனாலன்னு நினைக்கிறீங்க?"

"காய்க்குத் தகுந்த மாதிரி உருளை தானா வெலகணுமுங்க. ஸ்பிரிங் வெச்சா வெலகுது, ஆனாப் பிடி போயிருது. எனக்கு அதுக்கு மேல வழி தெரியலீங்க."

"இப்பச் சொன்னதை அப்படியே அறிக்கையில எழுதுங்க."

"பணத்தத் திருப்பிக் கட்டோணுங்களா?"

"வேண்டாம்மா. நிச்சயமா ஜெயிக்கும்னா பேங்க்கே கொடுத்திருக்கும். ஆகுமா ஆகாதான்னு பார்க்கத்தான் அரசாங்கம் கொடுத்தது. பார்த்துட்டீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனாலும், திட்டம் வெற்றி பெறவில்லை, முடித்துக்கொள்ளப்பட்டது என்று கடிதம் வந்த அன்று, என் கணவர் இறந்த நாளில்கூட அழாத அழுகையை அழுதேன். அதுவரை ஏதோ ஒரு விதத்தில் அவர் பட்டறையில் வேலையாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கவர்மென்ட்டுப் பணத்தை வாங்கிக் கரைத்துப்போட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். கொழுந்தனார் வருவதை நிறுத்திக்கொண்டார். மோட்டாரைக் கழற்றிச் சாணைக்கல்லுக்கு மாட்டினோம். நான் லேத் ஓட்டப் பழகினேன். பம்பு கம்பெனி வேலை மெல்லத் திரும்பி வந்தது.

அடுத்த ஆடியில் ஒரு நாள் கொழுந்தனார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தனக்குத் தெரிந்த கம்பெனியிலிருந்து ஷாஃப்ட் ஆர்டர் ஒன்று வாங்கி வந்திருந்தார். டீயைக் குடித்து முடிக்கும் வரை தலை நிமிரவில்லை. பிறகு, "அன்னிக்கு எதுக்குங்க அண்ணி அந்த மூட்டைய எடுக்கச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குதுன்னு அவங்க எழுதிக் குடுத்திருந்தா, அத நம்பி ஆராவது வாங்கியிருப்பாங்க. அவங்க களத்துலயும் இப்பிடித்தான் ஒடைஞ்சிருக்கும். அப்ப உங்க அண்ணனத்தானே திட்டுவாங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஷாஃப்ட் எப்போது தயாராகும் என்று ஃபிட்டரிடம் கேட்டார்.