வீரணனுக்குப் பதிலாகச் சின்னத்துரை

பொக்லைன் ஓட்டும் காளீஸ்வரனுக்கு வேலையில் பேச்சு தேவைப்படுவதில்லை. நரிக்குடிப் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டும்போது கரையில் நிற்பவர் கையை அசைப்பார். இவன் வாளியை இறக்குவான். வண்டி இரைச்சலில் யார் பேசினாலும் கேட்காது. அங்கே அவனும் மற்றவர்களும் ஒன்று. இறங்கி டீக்கடைக்கு வந்தால்தான் வித்தியாசம் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்தில் நாக்கு நின்றதுமே எதிரில் இருப்பவர் மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் முடிப்பார்கள். தப்பாக முடித்தாலும் காளீஸ்வரன் தலையாட்டிவிடுவான். பருத்திப்பால் கேட்க வந்தவன் வெறும் பாலைக் குடித்துவிட்டுப் போன நாட்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருப்புக்கோட்டைக்குப் போவான். மதன்குமாரின் பிளக்ஸ் கடையில், பேனர் வெட்டும் மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். காய் கிடையாது, கட்டமும் கிடையாது. ஆளுக்கொரு தாளில் ஒரு மனிதனை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பேர், தொழில், உடல் பலம், புத்தி, பேச்சுத்திறன், ஏதாவது ஒரு குறை. கொடுத்த புள்ளிகளை இவற்றுக்குப் பங்கிட்டுவிட்டு, பிறகு அந்த மனிதனாகவே பேச வேண்டும். கதையை மதன் நடத்துவான். எதிரில் வரும் காவலாளி, ராஜா, திருடன் எல்லாம் அவன்தான். இழுபறியென்றால் பகடை தீர்மானிக்கும்.

முதல் கதையில் காளீஸ்வரனுக்கு ஆளை உண்டாக்கிக் கொடுத்தது அவனுடைய பங்காளி முத்துராஜ். வாய் பேசாத கோடாலி வீரன். "ஒனக்குப் பேச்சு வேலையே வேணாம்லே, வெட்டிக்கிட்டே போ" என்றான். பிரியத்தில் சொன்னதுதான். காளீஸ்வரனும் மாதக்கணக்கில் வெட்டிக்கொண்டே போனான்.

அடுத்த கதை தொடங்கியபோது தாளை அவனே வாங்கிக்கொண்டான். புள்ளிகளில் பெரும்பகுதியைப் பேச்சுத்திறனில் போட்டான். தொழில், தூதன். கண்மாய் வறண்ட ஊருக்காகக் கோட்டைக்காரர்களிடம் தண்ணீர் கேட்டுப் போகிறவன். பேருக்குக் கொஞ்சம் யோசித்து, வீரணன் என்று எழுதினான். அது அவர்களுடைய குலசாமியின் பேர். பேசப் போகிறவனுக்கு ஒரு காவல் இருக்கட்டுமே என்று நினைத்தான்.

அதில்தான் தப்பு நடந்தது. அவர்கள் வகையறாவில் தலைப்பிள்ளைக்குச் சாமி பேரை வைப்பார்கள்; வைத்தபின் அந்தப் பேரைச் சொல்லி ஏச மாட்டார்கள். காளீஸ்வரனின் அண்ணன் பேரும் வீரணன்தான். பெற்ற தாயே கோபம் வந்தால் அவனை 'பெரியவன்' என்றுதான் திட்டுவாள். அந்தப் பேர் மேஜைக்கு வந்ததும் முத்துராஜ் எதிர் நாற்காலியில் நீட்டியிருந்த காலை இறக்கிக்கொண்டான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சுகந்தியும் அதே சாமியைக் கும்பிடுகிறவள்; எதையும் மறுத்துப் பேசாமல் விடாதவள், "அவுக சொன்னாச் சரிதான்" என்றாள். மதனுக்குக் குலசாமி வேறு. ஆனாலும் அந்தக் கோயிலைக் கடக்கையில் செருப்பைக் கழற்றுகிறவன். கோட்டைத் தளபதியாக இருந்த அவன் பகடையைப் பார்த்தான். ஆகக் குறைந்த எண் விழுந்திருந்தது. தூது தோற்க வேண்டும். மதன் பகடையை உள்ளங்கையால் மூடி எடுத்துவிட்டு, மடையைத் திறந்துவிடச் சொன்னான்.

காளீஸ்வரன் எண்ணைப் பார்த்திருந்தான்.

பந்தல்குடி ரோட்டில் லோடு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி பைக்கை ஓட்டியபடி அதையே நினைத்துக்கொண்டு போனான். டீக்கடையில் அவன் பேச்சை முடித்துக் கொடுக்கிறார்கள். மதன் கடை மேஜையில் அவன் பேச்சைக் கும்பிட்டுவிட்டார்கள். இரண்டு இடத்திலும் யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

இப்படி ஒன்று புரிந்த பிறகும் பலர் கிடைத்ததை வைத்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். மரியாதை சுகமான சாமான். காளீஸ்வரனைப் பாராட்டுவதென்றால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு புதுத் தாள் கேட்டான். ஜெயித்துக்கொண்டிருக்கிற ஆளை எதற்கு மாற்ற வேண்டும் என்று மதனுக்கு விளங்கவில்லை. காளீஸ்வரன் எழுதினான். பேர், சின்னத்துரை. தொழில், அதே தூது. பேச்சுத்திறனில் ஒரு புள்ளியும் குறைக்கவில்லை. குறை என்ற இடத்தில் 'திக்கும்' என்று போட்டான்.

முத்துராஜ் தாளை எட்டிப் பார்த்தான். "பேச்சுல இம்புட்டுப் புள்ளிய வச்சுட்டு, திக்கும்னா எப்படிலே?"

"ரெண்டும் வே... வேறலே" என்றான் காளீஸ்வரன். பிறகு மூவரையும் பார்த்துச் சொன்னான். "அவன் மு... முடிக்கிற வரைக்கும் காத்திருங்க. முடிச்ச பெறகு ஏசுங்க."

"அப்பாடா" என்றாள் சுகந்தி. "போன வாரம் என் வாயக் கட்டிப்போட்டுட்டீகளேண்ணே."

சின்னத்துரை கோட்டை வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். கேட்டு முடிக்க நேரமாயிற்று. நடுவில் முத்துராஜின் உதடு அசைந்தது. சுகந்தி மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். பேச்சு முடிந்ததும் காவலாளியான மதன் நிமிர்ந்தான்.

"ஒங்க ஊருக் கண்மாயத் தூர்வாரத் துப்பில்ல, எங்க மடைக்கு வந்துட்டியாக்கும்."

காளீஸ்வரனுக்கு முகம் சூடேறியது. தூர்வாரின கண்மாய்க்கு வரத்துக்கால்வாயை அடைத்தது யார் என்று கேட்டான். எத்தனையோ கண்மாயில் மண் அள்ளியவன். எங்கே அடைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். மதன் சற்றுத் தடுமாறி, அடைத்தது எங்கள் பாட்டன் காலத்தில் என்றான். அப்படியானால் திறப்பது உங்கள் காலத்தில் ஆகட்டும் என்றான் சின்னத்துரை. வாக்குவாதம் முற்றி இரண்டு பக்கமும் குரல் ஏறியது. பகடை உருண்டது. குறைந்த எண்தான். இந்த முறை யாரும் அதை மூடவில்லை. சின்னத்துரையை இழுத்துப்போய்க் கொட்டடியில் அடைத்தார்கள்.

வீரணனையே வைத்திருக்கலாம் என்று முத்துராஜ் அங்கலாய்த்தான். காளீஸ்வரன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கொட்டடிக்கு வெளியே காவலுக்கு ஆள் உண்டா என்று மதனிடம் கேட்டான். உண்டு, சரியான முசுடு என்றான் மதன்.

காளீஸ்வரன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த ஆளைக் கூப்பிட வாயெடுத்தான். முதல் எழுத்திலேயே நின்றது. மூவரும் காத்திருந்தார்கள்.