மூன்றாவது கம்ப்யூட்டரில் வியாழக்கிழமை

எனக்கு யாரையும் லேசில் நம்பும் வழக்கம் கிடையாது. பால்காரர் ஊற்றும்போது பாத்திரத்தை எட்டிப் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கி, மறுபடி ஏறி, பூட்டை இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. இந்தக் குணம் என்னைப் பல இக்கட்டுகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஒரே ஒரு முறை கவிழ்த்துவிட்டது.

தொண்ணூற்றொன்பதில் நான் மைசூரில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்ட். வயது முப்பத்திரண்டு, கல்யாணமாகவில்லை, சொந்த ஊர் கரூர். மண்டி மொஹல்லாவில் ஒரு வீட்டின் மாடியறையில் குடியிருந்தேன். மைசூரில் தமிழருக்கு ஒன்றும் பஞ்சமில்லை, எனக்குத்தான் யாரும் வாய்க்கவில்லை. வேலையிடத்தில் கன்னடம், மேலதிகாரியிடம் ஆங்கிலம், வீட்டுக்காரம்மாவிடம் தலையாட்டல். ஞாயிறு காலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவோடு பேசும் ஆறு நிமிடம்தான் ஒரு வாரத்துத் தமிழ். அதில் நாலு நிமிடம் யாரோ ஒரு பையனின் ஜாதகத்துக்குப் போய்விடும்.

அன்று மத்தியானமே பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவேன். பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை, பிளைவுட் தடுப்பு வைத்து நாலு கம்ப்யூட்டர். நான் மூன்றாவதில்தான் உட்காருவேன். அந்தக் காலத்தில் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க எழுத்துருவைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் திரை முழுக்கப் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். கடைக்காரரிடம் சண்டை போட்டு அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் எழுத்துருவைப் போட வைத்திருந்தேன்.

பிடித்த பக்கங்களின் முகவரிகளை பிரவுசரிலேயே புக்மார்க்காகச் சேர்த்து வைத்தேன். முதல் தடவை முப்பது முகவரி சேர்ந்திருந்தபோது வைரஸ் வந்ததென்று கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டார். நான் போட்ட கூச்சலில் கீழே பாத்திரக்கடையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார். கடைக்காரர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், நிதானமான மனிதர். "ஸ்வல்ப பொறுங்க மேடம், ஒரு வழி சொல்றேன்" என்று புக்மார்க் பட்டியல் முழுவதும் ஒரே ஒரு கோப்பாக எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டினார். அதை ஃபிளாப்பியில் நகல் எடுத்து வைத்துக்கொண்டால், அழிந்தாலும் திரும்ப அதே இடத்தில் போட்டுக்கொள்ளலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருப்பதற்கு முன் நகல் எடுப்பேன். ஃபிளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்வேன்.

என் புக்மார்க்குகளை 'ஞாயிறு' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்ட ஒரு தொகுப்புக்குள் வைத்திருந்தேன். சொந்தப் பெயரை எழுதி ஊருக்குத் தம்பட்டம் அடிப்பானேன்? ஒவ்வொரு புக்மார்க்குக்கும் உள்ளே ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில் பெயர், முகவரி, விளக்கம் எழுத ஓர் இடம், கடைசியாக அந்தப் பக்கத்தைத் திறந்த நாள் எல்லாம் இருக்கும். ஒரு ஞாயிறு அதைத் தற்செயலாகப் பார்த்தேன். நான் ஞாயிற்றுக்கிழமை திறந்த பக்கங்களுக்கெல்லாம் வியாழக்கிழமை என்று காட்டியது. யாரோ வரிசையாக என் பக்கங்களைத் திறந்து படித்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. விளக்கம் எழுதும் இடத்தில், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, "அடுத்தவர் பொருளைத் தொடாதீர்கள்" என்று எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அதற்குக் கீழே அதே மாதிரி எழுத்தில் பதில் இருந்தது. "தொடவில்லை. படித்தேன். ஆப்ப மாவு பற்றிய பக்கத்துக்கு நன்றி, எனக்கு நன்றாக வந்தது." என் தொகுப்புக்குக் கீழே 'வியாழன்' என்று புதிதாக ஒரு தொகுப்பும் இருந்தது. அதில் மூன்று முகவரிகள். ஒன்றின் விளக்கத்தில், "இந்தப் பக்கம் திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனாலும் திறந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தேன். சிங்கப்பூரில் யாரோ ஒருவர் தன் மாடித்தோட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இப்படித்தான் எங்கள் பேச்சு தொடங்கியது. ஞாயிறு நான் எழுதுவேன், வியாழன் பதில் வரும். என் பட்டியலில் கரூர் வானிலைப் பக்கம் ஒன்று இருந்தது. அதன் விளக்கத்தில் ஒரு நாள், "ஒவ்வொரு வாரமும் இதை ஏன் பார்க்கிறீர்கள்? அங்கே வெயில்தான் அடிக்கும்" என்று இருந்தது. "வெயில்தான் என்று உறுதிசெய்துகொள்ள" என்று எழுதினேன். அடுத்த வாரம், "நானும் பார்த்தேன். வெயில்தான்" என்று வந்தது. திரையைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

வியாழன் யார் என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தனியாக இருக்கும் பெண் இன்னொரு வாடிக்கையாளரைப் பற்றி விசாரித்தால் அது படியிறங்குவதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். அதோடு கொஞ்சம் வீம்பும்தான். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கேட்டால் ஏதாவது ஒன்றாகிவிடுமே என்று நானும் கேட்காமல் இருந்தேன்.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். வீட்டுக்காரம்மா ஒரு வேளை கஞ்சி கொடுத்துவிட்டு, எப்போது வேலைக்குப் போவாய் என்று கேட்டார். தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்தார், பூட்டியிருந்த அலமாரியின் சாவிக்காக. அந்த ஞாயிறு சென்டருக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு போனபோது வானிலைப் பக்கத்தின் விளக்கத்தில் எழுதியிருந்தது: "போன ஞாயிறு நீங்கள் எதையுமே திறக்கவில்லை. எல்லாவற்றிலும் என் வியாழன்தான் நிற்கிறது. உடம்பு சரியில்லையா?"

நான் அழுதேன். அந்த ஊரில் இரண்டரை வருடம் இருந்ததில் நான் வரவில்லை என்பதைக் கவனித்தவர் அந்த ஒருவர்தான். கைக்குட்டையில் ஃபிளாப்பி சுற்றியிருந்ததால் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் வீம்பு மெதுவாகக் கரைய ஆரம்பித்தது. மூன்று வாரம் யோசித்து, அடித்து, அழித்து, கடைசியில் ஒரு ஞாயிறு எழுதினேன்: "உங்களை நேரில் பார்க்க வேண்டும். எங்கே, எப்போது என்று நீங்களே சொல்லுங்கள்." வழக்கம்போல நகல் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு சோதனைகளைத் தப்பாகச் செய்தேன். வியாழக்கிழமை மாலை அந்தப் பாத்திரக்கடை வழியாக இரண்டு தடவை நடந்தேன், மாடியை நிமிர்ந்து பார்க்காமல்.

ஞாயிறு வந்தது. மத்தியானம் சென்டருக்குப் போனபோது கடைக்காரர் இல்லை, சாப்பிடப் போயிருந்தார். அவருடைய தம்பி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்தேன். நிறமே வேறு மாதிரி இருந்தது. புக்மார்க்கை அழுத்தினால் ஞாயிறும் இல்லை, வியாழனும் இல்லை. என்னவோ ஆங்கிலப் பக்கங்களின் பட்டியல் நின்றது.

"என்ன செஞ்சீங்க இதை?" என்று கத்தினேன்.

"நேத்து புதுசு போட்டாங்க மேடம். எனக்குக் கொத்தில்லை, அண்ணன் வந்துடுவாரு" என்றார் அந்தத் தம்பி. கன்னடமும் தமிழுமாகத் தனக்குத் தெரியாது என்று கைவிரித்துவிட்டார்.

அண்ணன் வரும்வரை காத்திருக்க நான் என்ன முட்டாளா? மறுபடி அழித்துவிட்டார்கள். இந்தத் தடவை என்னிடம் நகல் இருக்கிறது. வியாழன் எழுதியது போயிருக்கும், போகட்டும். என் கேள்வியையாவது திரும்ப வைத்துவிட்டால் வரும் வியாழன் இன்னொரு முறை பதில் எழுதிவிடுவார். இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையைப் பிரித்து ஃபிளாப்பியை உள்ளே தள்ளினேன். பழக்கப்பட்ட ஃபோல்டரைத் திறந்து கோப்பை அதில் போட்டேன். கம்ப்யூட்டர் ஒரு பெட்டியைக் காட்டி, இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கேட்டது. 'ஆம்' என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிரவுசரை மூடித் திறந்தேன். பட்டியல் மாறவில்லை. மறுபடி மூடித் திறந்தேன். அப்போதுதான் கடைக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டு மாடியேறி வந்தார்.

"டென்ஷன் ஆகாதீங்க மேடம். புது பிரவுசர் தனக்குன்னு வேற ஃபோல்டர் வெச்சிக்கும். உங்க பழைய லிஸ்ட்டை நான் தொடவே இல்லை, பழைய ஃபோல்டர்லயே பத்திரமா இருக்கு. நீங்க கத்துவீங்கன்னு பயந்தே அதை விட்டு வெச்சேன்" என்றார். "இப்ப இதுக்குள்ள கொண்டாந்துடறேன் பாருங்க."

நாலு தடவை சுட்டியை அழுத்தினார். ஞாயிறும் வியாழனும் பட்டியலில் வந்து உட்கார்ந்தன. வானிலைப் பக்கத்தின் பெட்டியைத் திறந்தேன். கடைசி வரி என்னுடையது. "எங்கே, எப்போது என்று நீங்களே சொல்லுங்கள்." அதற்குக் கீழே வெறுமை.

"வியாழக்கிழமை வர்ற அக்கா அன்னிக்கி ரொம்ப நேரம் உக்காந்து டைப் பண்ணாங்களே மேடம்" என்றார் கடைக்காரர். "அவங்க வீட்டுக்காரருக்கு வேற ஊருக்கு மாத்தலாகியிருக்காம். வெள்ளிக்கிழமையே கிளம்பறோம்னு சொன்னாங்க. ஞாயித்துக்கெழமை மேடம் வந்தா லிஸ்ட்டைப் பாக்கச் சொல்லுங்க, அதிலே எல்லாம் எழுதியிருக்கேன்னாங்க."

"எந்த ஊருக்குன்னு சொன்னாங்களா?"

"அது கேக்கலை மேடம். அதான் எழுதியிருக்கேன்னாங்க இல்லையா?"

அந்தப் பழைய கோப்பின் மேலேயே என் நகலைப் போட்டுவிட்டதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அரை மணி நேரம் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடினார். கடைசியில், "மேலேயே எழுதிட்டா போனது போனதுதான் மேடம்" என்றார். இந்தத் தடவை கத்துவதற்கு வேறு ஆளில்லை. கத்தியிருந்தால் என்னைப் பார்த்துத்தான் கத்தியிருக்க வேண்டும். பிறகு அவர் தானாகவே சொன்னார்: நாற்பது வயதிருக்கும், மழையில்லாத நாளிலும் குடை கொண்டுவருவார், திரையைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வார். நான் வேண்டாமென்று விட்டுவைத்திருந்த விவரங்கள் இவை.

அதற்குப் பிறகும் நாலைந்து வாரம் 'வியாழன்' தொகுப்பில் எழுதி வைத்தேன். உங்கள் பதிலை நானே அழித்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள், இன்னொரு முறை எழுதுங்கள் என்று. எங்கிருந்தாவது என்றைக்காவது வருவார் என்று ஒரு நப்பாசை. ஒரு வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டு, மூன்றாவது கம்ப்யூட்டர் முன்னால் எதையும் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு எல்லாப் பெட்டிகளிலும் கடைசியாகத் திறந்த நாள் ஞாயிறு என்றே நின்றது. பிரிவு என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பட்டியல்தான் கண்ணுக்குள் வருகிறது.

நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவசரம்தான், ஆனால் எனக்கு எப்படித் தெரியும், பழைய கோப்பில் பதில் இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? இந்தச் சமாதானம் ஒரு மாதம் தாங்கியது.

ஒரு நாள் பரிசோதனைக் கூடத்தில் ஓர் அறிக்கையை நகல் எடுக்கும்போது அதே பெட்டி வந்தது. ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றட்டுமா? கை 'ஆம்' பக்கம் போய் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெட்டியை முழுவதும் படித்தேன். கேள்விக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன. இருக்கும் கோப்பு கடைசியாக எழுதப்பட்ட நாள் செவ்வாய்க்கிழமை என்றது முதல் வரி. அதன் இடத்தில் வைக்கப்போகும் கோப்பு திங்கட்கிழமை என்றது இரண்டாவது வரி. கிழமையை முழுதாக எழுதியிருந்தது.

அப்படியானால் அன்றைக்கும் எழுதியிருந்திருக்கும். என் முகத்துக்கு நேரே வியாழக்கிழமை என்று எழுதிக் காட்டிவிட்டு, இதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறது. நான்தான் 'ஆம்' என்றேன்.