தர மறுத்த பெயர்

திருத்தணியில் நான் தமிழாசிரியராக இருந்த அறுபதுகளில், குழந்தைக்குப் பெயர் வேண்டுமென்றால் ஆட்கள் என் வீட்டுக்கு வருவார்கள். மூத்த பிள்ளைக்கு மலையில் முடி இறக்கிவிட்டு, கையில் இருக்கும் சின்னதற்குப் பெயர் கேட்டு, சந்தன மொட்டையும் தாங்களுமாக வாசலில் நிற்பார்கள். "ஊர்ல ஒருத்தருக்கும் இருக்கக் கூடாது சார். ரேடியோவுல வர்ற மாதிரி இருக்கணும்" என்பார்கள். நான் ஒரு பெயரைச் சொல்லி, அதன் பொருளையும் விளக்கி அனுப்புவேன். வெற்றிலை பாக்கோடு இரண்டு வாழைப்பழம் கொடுப்பார்கள். அதைவிட எனக்கு இனித்தது, தெருவில் இறங்கி நடக்கும்போது அந்தப் பெயரை அவர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது.

பெயர்களின் மேல் எனக்கு அப்படி ஒரு பித்து இருந்தது. சென்னைக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளைத் துழாவி, உலகத்துப் பெயர்களைப் பற்றி எது கிடைத்தாலும் வாங்கி வருவேன். பாலித் தீவில் பிறந்த வரிசைதான் பெயர். முதல் பிள்ளை வயான், அடுத்தது மதே. நான்கு பெயர் தீர்ந்து ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வயான். கானா நாட்டில் வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி. நைஜீரியாவில் 'மலோமோ' என்று ஒரு பெயர் உண்டு. 'இனிமேல் போய்விடாதே' என்று பொருள். மங்கோலியாவில் பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்கு 'நெர்குய்' என்று வைப்பார்கள், பெயரில்லாதது. 'எனெபிஷ்' என்றும் வைப்பார்கள்; 'இது இல்லை'. தூக்கிக்கொண்டு போக வரும் கெட்ட ஆவி, தேடி வந்தது இது இல்லை போலிருக்கிறது என்று திரும்பிவிடுமாம்.

வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து குப்பன் எழுந்தான். "அப்ப நானும் மங்கோலியாதான் சார்" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் சொன்னது சரி. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அவன் தாய், மூன்றாவதாகப் பிறந்த அவனை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் ஓர் இழுப்பு இழுத்து, குப்பன் என்று பெயர் வைத்திருந்தாள். எமனுக்கு ஆசை வராத பெயர். வீட்டில் அவன்தான் ராஜா.

இவ்வளவும் தெரிந்த நான் என் மூன்றாவது மகளுக்கு வைத்த பெயர் 'வேண்டாம்'.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வரிசையாகப் பெண்ணே பிறந்தால் கடைசிப் பெண்ணுக்கு வேண்டாம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். பெண் போதும் என்று சாமிக்குச் சொல்லிவிட்டதாகக் கணக்கு. அடுத்தது பையன். உறவுப் பெண்கள் கூடி அதைச் சொன்னபோது என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். ஊருக்கே பெயர் சொல்கிறவன் பேச்சை யார் தட்டப் போகிறார்கள்? நான் சொன்னது வேறு. இது உலகம் முழுக்க இருக்கும் பழைய வழக்கம், சீனாவில்கூடப் பெண்ணுக்குத் 'தம்பியை அழைத்து வா' என்று பெயர் வைப்பார்கள் என்று வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னேன். எனக்குப் பையன் வேண்டும் என்ற ஆசையை என் படிப்பால் மூடினேன்.

இரண்டு வருடம் கழித்துப் பையன் பிறந்தான். பேர் பலித்துவிட்டது என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

மகள் பள்ளிக்கூடம் போனாள். "வேண்டாம், உனக்கு உப்புமா வேணுமா?" என்று மதிய உணவு வரிசையில் கேட்டதும், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் "பேரைக் கேட்டா ஏன்மா வேணாங்கற?" என்று எரிந்து விழுந்ததும் அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அவள் எதுவும் சொன்னதில்லை. வீட்டுக்குப் பெயர் கேட்டு யாராவது வந்தால் மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று, நான் பொருள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டுப் போவாள். எனக்கு அது அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

இதுவரை சொன்னது நான் வெட்கப்படும் கதை. இனிமேல் சொல்லப் போவது அவள் ஜெயித்த கதை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். என் மூத்த மகளைப் பொதட்டூர்பேட்டையில் தறிக்காரக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அவளுக்கு மூன்றாவதும் பெண் பிறந்தது. பெயர் வைக்க அழைத்திருந்தார்கள். நானும் மனைவியும், அப்போது நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்த மூன்றாமவளும் பஸ்ஸில் போய் இறங்கினோம். வீட்டுத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் நிறுத்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

புதுச் சேலையில் தூளி கட்டியிருந்தது. குழந்தையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை, அதாவது என் மாப்பிள்ளையின் தங்கை. அவள் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல் என்னைப் பெயர் கேட்பார்கள் என்று நான் நல்ல பெயர்களாக யோசித்து வைத்திருந்தேன்.

சம்பந்தியம்மா கேட்கவில்லை. "பேரு ரெடியாத்தான் கீது. மூணாவதும் பொட்ட, வேற இன்னா வெப்பாங்க? சம்மந்தி வூட்டுப் பேரையே வெச்சிடலாம். படிச்சவரு, வாத்தியாரு, அவரே வெச்சாரு. அடுத்தது பையன் வந்தானா இல்லியா?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பழக்கத்தில் தலையாட்டப் போனேன். தூளிக்குப் பக்கத்தில் என் மூத்த மகள், அவள் அம்மா அன்றைக்குச் சுவரைப் பார்த்தது போலவே, தரையைப் பார்த்தாள். என் தலை பாதியில் நின்றது.

"அத்தை, அந்தப் பேரை வெக்க முடியாது" என்றாள் மூன்றாமவள், சம்பந்தியம்மாவைப் பார்த்து.

"ஏன்டியம்மா?"

"அது என் பேரு. நான் தர மாட்டேன்."

பெண்கள் சிரித்தார்கள். "பேருக்குப் பட்டா வாங்கி வெச்சிகினு கீறியா?" என்றார் சம்பந்தியம்மா.

"ஆங், வெச்சிகினுதான் கீறேன். ஸ்கூல்ல, பஸ்ஸுல, ஆஸ்பத்திரியில, போன எடத்துல எல்லாம் நான்தான் அனுபவிச்சேன். அனுபவ பாத்தியதை எனக்குத்தான்."

"பாயிண்ட்டு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தா, வெளையாடாத. உன் பேரு ராசியான பேரு. அதாலதான் உனக்குத் தம்பி பொறந்தான்."

"அப்ப தம்பிக்கே வெச்சிருக்கலாமே அத்தை? லாபம் பாத்தவன் அவன்தானே?"

இந்த முறை சம்பந்தியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் விடவில்லை. பேரனைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு மட்டும் இந்தக் கொயந்தை மேல ஆசை இல்லியா? குப்பன், பிச்சைன்னு வெக்கறதில்லியா? பேருதானே?" என்றார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "நைனா, ஊருக்கே அர்த்தம் சொல்றீங்க. குப்பனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்? சொல்லுங்க."

நான் பரீட்சை எழுதி வெகுகாலம் ஆகியிருந்தது. பதில் எனக்குத் தெரியும். அவள் பிறந்த அன்றைக்கே தெரியும். எழுந்து நின்றேன்.

"குப்பன்னு வெச்ச தாய், புள்ள போயிடக் கூடாதுன்னு வெச்சா. நான் வெச்சது, 'நீ ஏன் வந்தே?'ன்னு இவளைக் கேக்கறதுக்கு. அந்த மாதிரி பேரை இந்த மாதிரி பேரோட சேத்துப் பேசி, உங்க எல்லாரையும் ஏமாத்தினேன். பையன் பொறந்ததுக்கும் இவ பேருக்கும் சம்பந்தமே கெடையாது. என் வூட்டை சாட்சிக்கு இழுக்காதீங்க சம்மந்தி. நான் செஞ்சது தப்பு."

இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டோமே என்று எனக்குக் கூச்சம் வரவில்லை. இருபது வருடமாகச் சட்டைக்குள் குத்திக்கொண்டிருந்த முள்ளை எடுத்துப் போட்டது போல இருந்தது.

சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டிருந்த அத்தைக்காரிதான் பேசினாள். "யம்மா, கை பிசுபிசுங்குது. வேற பேரு எதுனா சொல்லுங்க. அந்தப் பேரு என் வாயால வராது."

"நீயுமாடி?"

"எனக்கும் ரெண்டு பொட்டைங்கம்மா. மூணாவது வயித்துல கீது. நாளைக்கு அது காதுல எந்தப் பேரு விழும்னு எனக்குத் தெரியாதா?"

சம்பந்தியம்மா தன் மகளை ஏற இறங்கப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சரி, சொல்லித் தொலைங்க. சார், நீங்களே நல்லதா ஒண்ணு சொல்லுங்க."

எனக்கு வாயெல்லாம் பெயர்கள். எதைச் சொல்லலாம் என்று தேர்ந்தெடுப்பதற்குள் மூன்றாமவள் முந்திக்கொண்டாள்.

"வள்ளி."

எனக்குச் சப்பென்று போயிற்று. இவ்வளவு சண்டை போட்டு வாங்கிய இடத்தில், திருத்தணிக்காரி ஒருத்தி, வள்ளியைவிட அபூர்வமாக ஒன்று கேட்கக் கூடாதா?

"தெருவுக்கு நாலு வள்ளி கீதே!" என்றார் சம்பந்தியம்மாவும்.

"ஆங், அதான் அத்தை. அதுவே இருக்கட்டும்."

அத்தைக்காரி குனிந்து குழந்தையின் உதட்டில் விரலை வைத்து, காதருகே பெயரைச் சொன்னாள். விசைத்தறிச் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை. "கொயந்தைக்கு எப்படிக் கேக்கும்? கத்தி சொல்லு" என்றார் சம்பந்தியம்மா. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, "வள்ளீ!" என்று கத்தினாள். தூளியில் குழந்தை வீறிட்டது. பக்கத்து வீட்டுத் தறி சட்டென்று நின்றது. சுவருக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்து, "இன்னா, இன்னா ஆச்சி?" என்றது. "பேரு வெச்சாச்சி! வள்ளி!" என்று இங்கிருந்து நாலைந்து பேர் சேர்ந்து கத்தினோம். என் குரலும் அதில் இருந்தது. சம்பந்தியம்மா ஒரு கை சர்க்கரையை அள்ளி, குழந்தையை விட்டுவிட்டு என் மகள் வாயில் போட்டார். "இந்த வாய்க்குத்தான் மொதல்ல போடணும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மகளிடம் கேட்டேன். உன் பெயரை மாற்றிவிடலாம், அரசிதழில் போட்டால் போதும், நானே அலைகிறேன் என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இருக்கட்டும் நைனா. நான் கீழ வெச்சா வேற எவ தலையிலயாச்சும் ஏத்திடுவாங்க" என்றாள். பிறகு அவள் நர்ஸாகி, அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு எத்தனையோ பிரசவம் பார்த்தாள். பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பெண்கள் அந்தப் பெயரைப் படித்துவிட்டு அவளைக் கதை கேட்பார்களாம். கேட்டவர்கள் யாரும் தங்கள் மகளுக்கு அந்தப் பெயரை வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் எனக்கு வேறொரு நாள்தான் பெரிது. பெயர் வைத்த அடுத்த மாதக் கிருத்திகைக்குக் குழந்தையை மலைக்குக் கொண்டுவந்தார்கள். படியில் காவடிக் கூட்டம். மூன்றாமவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வேகமாக ஏறிவிட்டாள். பால் கொடுக்க வேண்டிய நேரம். மூத்தவள் கீழிருந்து, "வள்ளி! ஏ வள்ளி!" என்று குழந்தையைக் கூப்பிட்டுக் கையை ஆட்டினாள்.

கற்பூரத் தட்டு வைத்திருந்தவள் திரும்பினாள். பொங்கல் பானையைத் தலையில் வைத்திருந்த அம்மாள் பானையோடு திரும்பினாள். ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி, அவளுக்கு மேலே இரண்டு பேர், எல்லாரும் "இன்னா?" என்று கேட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

மேல்படியில் என் மகள் நின்று, குழந்தை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பாத்தீங்களா நைனா, எத்தினி பேரு இவளுக்குத் துணை! என்னைக் கூப்ட்டா நான் ஒருத்திதான் திரும்புவேன். மத்தவங்க எல்லாம் என்னைத் திரும்பிப் பாப்பாங்க."

அதைச் சொன்னபோதும் அவள் முகத்தில் சிரிப்பு குறையவில்லை. "இன்னொரு தரம் கூப்புடுங்க, நீங்க கூப்புடுங்க" என்றாள். வகுப்பறையில் கடைசி பெஞ்சு வரை கேட்கும் என் பழைய குரலை எடுத்து, மலை முழுக்கக் கேட்கும்படி வள்ளி என்று கூப்பிட்டேன்.